இடது கைக்கு மீண்டும் முதலிலிருந்து

1938ஆம் ஆண்டு. ஹங்கேரி இராணுவத்தின் பயிற்சியொன்றின்போது, பழுதான கைக்குண்டொன்று சார்ஜன்ட் காரோய் டகாச்சின் வலது கையிலேயே வெடித்தது. அது போர்க்களமும் அல்ல, எதிரே எவரும் இருக்கவும் இல்லை. அப்போது அவருக்கு 28 வயது. நாட்டின் சிறந்த கைத்துப்பாக்கி வீரர்களில் ஒருவராக அவரை ஆக்கியிருந்தது அந்த வலது கைதான்.

டகாச் 1910இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1936 பேர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் திறமை அவரிடம் இருந்தது. ஆனால் அணியில் இராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே இடம் என்றிருந்ததால், சார்ஜன்டான அவர் தவிர்க்கப்பட்டார். பின்னர் அந்தத் தடை நீங்கியது. 1940 ஒலிம்பிக்கை எதிர்பார்த்திருந்த வேளையில்தான் குண்டு வெடித்தது.

ஒரு மாதம் வைத்தியசாலையில் இருந்தார். வெளியே வந்ததும், எவருக்கும் சொல்லாமல் இடது கையால் சுடப் பழகத் தொடங்கினார்.

இவரது கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மனவுறுதி என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். எங்கள் ஊர்களிலும் அப்படித்தான். கையையோ காலையோ இழந்தவரிடம் மனதைத் தளரவிடாதே என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுகிறோம். மற்றக் கை எப்படிப் பழகும் என்பதை யாரும் பேசுவதில்லை.

துப்பாக்கி என்றாலே எமக்கு வேறு நினைவுகள்தான் வரும். ஆனாலும் டகாச்சின் போட்டி என்னவென்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் கடினம் விளங்கும். 25 மீற்றர் தூரத்தில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு. ஐந்தையும் சுட்டு முடிக்க முதலில் எட்டு செக்கன், பிறகு ஆறு, கடைசியில் நான்கு. யோசிக்க நேரமில்லை. அசைவு முழுவதும் உடம்பில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். கையை நீட்டி, ஒரே கையால் சுடுவதுதான் இந்தப் போட்டியின் முறை என்பது மட்டும் அவருக்குச் சாதகம்.

வலது கை போனாலும் அது கற்றதெல்லாம் போய்விடவில்லை. எப்போது மூச்சை அடக்குவது, குறி ஆடும்போது அவசரப்படாமல் விசையை எப்படி அழுத்துவது என்பதெல்லாம் மூளையில் இருந்தன. ஒரு கை பழகிய திறனில் ஒரு பங்கு மற்றக் கைக்கும் கடக்கும் என்று விளையாட்டுத்துறை ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். ஆனால் அது ஒரு பங்கு மட்டுமே. நீட்டிய துப்பாக்கியின் பாரத்தை இடது தோள் தாங்கப் பழக வேண்டும். மற்ற விரல்கள் அசையாமல் சுட்டுவிரல் மட்டும் தனியே இயங்க வேண்டும். நிற்கும் நிலை இடம் வலமாக மாறும், கண்ணும் குறியும் வேறு கோட்டில் சேரும். இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தித்தான் சேர்க்க முடியும். இந்த விளையாட்டில் உள்ள நன்மை, ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டது என்பதை இலக்குப் பலகை உடனே காட்டிவிடும். பிழையை மறைத்துக்கொண்டு பழக முடியாது.

1939 வசந்தகாலத்தில் தேசிய போட்டிக்கு வந்தவரைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று எண்ணிச் சக வீரர்கள் ஆறுதல் சொன்னார்கள். போட்டியிட வந்ததாகச் சொன்னார், வென்றார். அதே ஆண்டு உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரி அணியிலும் இருந்தார்.

பிறகு யுத்தம். 1940, 1944 ஒலிம்பிக்குகள் இரண்டும் நடக்கவில்லை. ஒரு விளையாட்டு வீரரின் நல்ல வயது அதிலேயே கழிந்தது.

டங்கன் வைட் இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்த 1948 இலண்டன் போட்டிக்கு, 38 வயதில் டகாச் போனார். உலகச் சம்பியனான ஆர்ஜென்ரீனாவின் சாயென்ஸ் வலியென்டே, ஏன் வந்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டாராம். கற்றுக்கொள்ள வந்தேன் என்றாராம் டகாச். 600க்கு 580 புள்ளிகள், புதிய உலக சாதனை, தங்கம். ஆர்ஜென்ரீன வீரருக்கு 571.

அந்த ஒலிம்பிக் தொடங்கிய ஜூலை 29 அன்றே, இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலை வளவில் முள்ளந்தண்டு காயமுற்ற முன்னாள் படையினர் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பராலிம்பிக்கின் தொடக்கம் அதுதான். டகாச்சோ எந்தத் தனிப்பிரிவும் இல்லாமல் எல்லோருடனும் நின்று சுட்டார்.

1952 ஹெல்சிங்கியிலும் 579 புள்ளிகளுடன் தங்கம் அவருக்கே. ஒரேயொரு புள்ளி பின்னால் வந்து வெள்ளி வென்ற இளைஞர் சிலார்ட் குன், டகாச்சிடம் பழகியவர். 1956 மெல்பேர்னில் டகாச் எட்டாமிடம். அதன்பின் பயிற்றுநராக இருந்து, 1976 ஜனவரியில் 65 வயதில் காலமானார்.