மனசுக்கும் ஒரு ஆஸ்பத்திரி



பெரியவர்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னால் நாம் காமராசர், அப்துல் கலாம் என்றுதான் எழுதுவோம். நான் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் பற்றி எழுதுகிறேன். இவர் நேதாஜி போஸ் இல்லை, வேறு போஸ். ஏன் இவரைப் பற்றி எழுதுகிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்க வீட்டுப் பக்கத்தில் ஒரு அக்கா உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளாய் அவங்க ராத்திரி தூங்காமல், ரப்பர் தோட்டத்துக்குள் தனியாகப் பேசிக்கொண்டே நடப்பாங்க. பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிச்சு கையில் கயிறு கட்டினாங்க. பிள்ளைகள் நாங்க மெண்டல், லூசு என்று சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அதை ஒத்துக்கொண்டுதான் மேலே எழுதணும்.

கிரீந்திரசேகர் போஸ் 1887-இல் பீகார் மாநிலம் தர்பங்காவில் பிறந்தார். இவர் அண்ணன் ராஜசேகர் போஸ் பெரிய வங்காள எழுத்தாளர். கிரீந்திரசேகருக்குச் சின்ன வயதிலேயே மாஜிக், மனோவசியம் என்றால் ரொம்பப் பிடிக்கும். கல்கத்தாவில் மருத்துவம் படித்து 1910-இல் டாக்டர் ஆனார். உடம்பில் ஒரு நோயும் இல்லாமல் மனசு கஷ்டத்தோடு வருகிறவர்களையும் அவர் பார்த்தார். அவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது என்று நினைத்தார்.

1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் உளவியல் துறை இதுதான். அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்து வந்த நரேந்திரநாத் சென் குப்தா அதை நடத்தினார். நாம் பார்ப்பது, கேட்பது, ஞாபகம் வைப்பது எல்லாவற்றையும் சோதனைக்கூடத்தில் கருவி வைத்து அளந்து பார்ப்பார்கள். நம்ம டாக்டர், டாக்டராய் இருந்துகொண்டே அங்கே மாணவராகச் சேர்ந்து 1917-இல் எம்.ஏ. முடித்தார். 1921-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். பிறகு அந்தத் துறைக்கே தலைவர் ஆனார். எந்த வேலைக்கு யார் பொருத்தம் என்று ஆராயும் பயன்பாட்டு உளவியல் பிரிவும் 1938-இல் அங்கே வந்தது.

இவர் ஆராய்ச்சியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். நம் மனசு சீசா பலகை மாதிரி. ஒரு ஆசை மேலே இருக்கும்போது அதற்கு எதிரான ஆசை கீழே ஒளிந்திருக்கும். அடிக்க நினைக்கிற மனசுக்குள்ளேயே அடி வாங்குகிற ஆசையும் உண்டாம். கீழே அமுக்கி வைத்தது கனவாகவும் நோயாகவும் வெளியே வரும். அதனால் நோயாளியை எதிராளி இடத்தில் தன்னை வைத்து நினைக்கச் சொல்லுவார். பொறுமையாய் உட்கார்ந்து கேட்பார்.

வியன்னாவில் இருந்த உலகப் புகழ் பெற்ற பிராய்டுக்குத் தன் புத்தகத்தை அனுப்பினார். 1937 வரை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆனால் நேரில் சந்தித்ததே இல்லை. 1931-இல் பிராய்டின் 75-ஆம் பிறந்த நாளுக்குத் தந்தத்தால் செய்த விஷ்ணு சிலை இங்கிருந்து போனது. எல்லாவற்றிலும் பிராய்டு சொன்னதே சரி என்று போஸ் தலையாட்டவில்லை. நம் நாட்டு மக்களின் மனசைப் பார்த்துத் தன் கருத்தைத் தைரியமாய்ச் சொன்னார்.

1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1933-இல் கல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய்க்கு வெளிநோயாளிப் பிரிவு திறந்தார். 1940-இல் அண்ணன் கொடுத்த இடத்தில் லும்பினி பார்க் என்ற மனநல மருத்துவமனை வந்தது. முதலில் மூன்றே கட்டில்தான். பிள்ளைகளுக்காகச் சிவப்பு எறும்பும் கறுப்பு எறும்பும் சண்டை போடுகிற கதைப் புத்தகமும் எழுதியிருக்கிறார். 1953-இல் காலமானார்.

இதைப் படித்த அன்று ராத்திரி நானும் சீசாவின் மறுபக்கம் ஏறிப் பார்த்தேன். அந்த அக்கா இடத்தில் என்னை வைத்து நினைத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது.

இப்போது அந்த அக்காவை மனநல டாக்டரிடம் காட்டுகிறார்கள். மாத்திரை சாப்பிட்டு நன்றாகத் தூங்குறாங்க. போன வாரம் ரப்பர் ஷீட் காயப் போட்டுக்கொண்டிருந்தாங்க. நான் நின்று, அக்கா சுகமா என்று கேட்டேன். சிரிச்சாங்க.

தோழர்களே, காய்ச்சல் வந்தவரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. மனசுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் என்னத்துக்குச் சிரிக்கணும்? மெண்டல் என்ற சொல்லை இனி நம் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்ல வேண்டாம். முதலில் நான் நிறுத்திவிட்டேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, அருமனை