முதல் பந்தை வீசியவர்

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள். சென்னைச் சேப்பாக்கம் திடலில் சென்னை அணியும் மைசூர் அணியும் களமிறங்கின. முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் நினைவைத் தாங்கி, இன்று ரஞ்சிக் கோப்பை என வழங்கும் போட்டியின் முதல் ஆட்டம் அது. புதிய பந்தைக் கையில் ஏந்தி ஓடிவந்தவர் திருவல்லிக்கேணி இளைஞர் ஒருவர். மைசூரின் கர்ட்டிஸுக்கு அவர் வீசிய பந்தே அப்போட்டியின் முதற்பந்து. அவர்தாம் எம்.ஜே. கோபாலன்.

அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. மைசூர் 48 ஓட்டங்களுக்குச் சுருண்டது; சென்னை 130 எடுத்தது; மைசூர் மீண்டும் 59 ஓட்டங்களில் வீழ்ந்தது. முதல் பந்தின் பெருமை கோபாலனுக்கு உரியதாயினும், அன்றைய அறுவடை சுழற்பந்து வீச்சாளர் ராம்சிங்கினுடையது. அவர் 35 ஓட்டங்களே கொடுத்து 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் செங்கல்பட்டுப் பகுதியின் மொரப்பாக்கத்தில் 1909 ஜூன் 6 அன்று பிறந்தார். வளர்ந்தது திருவல்லிக்கேணியில். தெருவிலும் திடலிலும் பந்தோடு திரிந்த அவ்விளைஞரின் ஆற்றலைக் கண்டுகொண்டவர் சி.பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். பொங்கல் நாளையொட்டி இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் சேப்பாக்கத்தில் மோதிய காலம் அது. களத்தில் எதிரணியைச் சேர்ந்த ஜான்ஸ்டனே, தாம் பணியாற்றிய பர்மா ஷெல் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலை கிடைக்கத் துணைநின்றார். ஆட்டம் சோறு போடாத அந்நாளில், விளையாட்டு வீரனுக்கு மாதச் சம்பளம் என்பது சிறிய உதவியன்று. ஆள்வோர், ஆளப்படுவோர் என்ற பிரிவு திடலிலும் நிலவிய காலத்தில் இவ்வுறவு சற்று வியப்புக்குரியதே.

கோபாலன் வலக்கை மிதவேகப் பந்துவீச்சாளர். புதிய பந்தைக் காற்றில் வளைத்து வீசுவதில் வல்லவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் சி.கே. நாயுடு தலைமையிலான இந்திய அணியில் இடம்பெற்றார். ஒரு விக்கெட் வீழ்த்தினார். அடுத்த மாதம் அவருடைய சொந்த ஊரான சென்னையிலேயே அடுத்த டெஸ்ட் நடந்தது. அணியில் அவர் பெயர் இல்லை. பிறகும் டெஸ்ட் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை.

அவர் கையில் பந்து மட்டுமன்று, ஹாக்கி மட்டையும் இருந்தது. 1935இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற இந்திய ஹாக்கி அணியில் அவர் ஆடினார். அந்தப் பயணத்தில் இந்தியர் 48 ஆட்டங்களில் 584 கோல்கள் அடித்தனர். அந்த அணியின் பெருவீரர் தியான்சந்த். அவரோடு தோள்சேர்ந்து ஆடிய ஒருவர் மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்வார் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

ஆனால் 1936 கோடையிலேயே இந்தியக் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணமும் அமைந்தது. இரண்டில் ஒன்றையே தெரிவு செய்ய முடியும். பெர்லினுக்குப் போனால் தங்கப்பதக்கம் ஏறத்தாழ உறுதி. இங்கிலாந்துக்குப் போனால் பந்துவீச்சாளராகத் தம்மை நிறுவிக்கொள்ள ஒரு வாய்ப்பு. கோபாலன் கிரிக்கெட்டையே தெரிவு செய்தார்.

விஜயநகரத்து மகாராஜகுமாரர் தலைமையில் சென்ற அவ்வணி உட்பூசலால் நலிந்தது. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் இடையிலேயே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலன் ஆடவில்லை. ஆகஸ்ட் 15ஆம் நாள் இலண்டன் ஓவல் திடலில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கியது. மழையால் ஒருநாள் தள்ளிப்போன ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டமும் அதே நாளில் பெர்லினில் நடந்தது. இந்தியா 8-1 என்ற கணக்கில் ஜெர்மனியை வென்றது. அன்று கோபாலன் இரண்டு களங்களிலும் இல்லை. அவர் எடுத்த முடிவைத் தவறென்று சொல்வது இன்று எளிது. முடிவு தெரிந்தபின் எல்லாருமே அறிஞர்கள்.

ஊர் திரும்பியவர் பந்துவீச்சைக் கைவிடவில்லை. 1950களின் தொடக்கம்வரை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு, முதல்தர ஆட்டங்களில் ஆடினார். பின்னர் இந்திய அணியின் தேர்வாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். தமக்கு ஒருமுறை மட்டுமே திறந்த கதவுக்கு அவரே காவலரானார்.

அவருடைய கால் நூற்றாண்டு ஆட்டத்தைப் போற்றும் வகையில், 1952-53இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கப்பெற்றது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி 1981இல்தான் கிடைத்தது. அதற்கு முன் வலுவான வெளிநாட்டு அணியோடு தொடர்ந்து மோதும் வாய்ப்பு அந்நாட்டு வீரர்களுக்கு அரிது. சேப்பாக்கமும் கொழும்பும் மாறி மாறி அவ்வாய்ப்பை அளித்தன. கோபாலன் 2003 டிசம்பர் 21 அன்று தம் 94ஆம் வயதில் சென்னையில் காலமானார்.