டார்வினை விடாமல் துரத்திய வயிறு!
பரிணாமக் கொள்கையை விளக்கிய சார்லஸ் டார்வினுக்கு, தன் வயிற்றுக்குள் என்ன நடக்குதுன்னு மட்டும் கடைசிவரை புரியவே இல்லை. 1836-ல் பீகிள் கப்பல் பயணம் முடிந்து இங்கிலாந்து திரும்பிய சில ஆண்டுகளிலேயே தொல்லை ஆரம்பம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வாயுத்தொல்லை, படபடப்பு. உடம்பு முடியாமல் 1848-ல் அப்பாவின் இறுதிச்சடங்கையே தவறவிட்டார். அடுத்த ஆண்டு மால்வெர்னில் குளிர்ந்த நீர் சிகிச்சை. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தது, அப்புறம் பழைய கதை. தினமும் உடம்பு எப்படி இருந்ததுன்னு சில ஆண்டுகள் குறித்தும் வைத்தார், விடை கிடைக்கவில்லை. வேறு வழியின்றி வேலையை ஒரு நாளுக்குச் சில மணி நேரமாகச் சுருக்கிக்கொண்டார். 1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' அப்படி எழுதியதுதான். 1882-ல் இதய நோயால் இறந்தார். வயிற்றுக்கு என்ன நோய்? சாகஸ் தொற்றா, பால் செரிக்காததா, மனப்பதற்றமா? மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.