யோகச் செல்வர் ஸ்ரீமந் நாதமுனிகள்

இன்று கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் என வழங்கும் வீரநாராயணபுரத்தில், ஈச்வரபட்டரின் திருக்குமாரராய், ஆனி அனுஷ நன்னாளில் அவதரித்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். முதற் பராந்தக சோழனின் (907–955) விருதுப் பெயரைத் தாங்கிய ஊர் அது. மன்னனார் ஸந்நிதியில் கைங்கரியம் புரிந்து வந்த இப்பெரியார் அஷ்டாங்க யோகத்தில் தேர்ந்தவர்.

யோக நூல்கள் அணிமா முதலிய எட்டு ஸித்திகளைப் பேசும். மந்திர ஜபத்தாலும் ஸித்தி வாய்க்கும் என்று கூறும் பதஞ்சலியாரின் யோகசூத்திரமே, அவை ஸமாதிக்கு இடையூறாகும் என்றும் எச்சரிக்கும். நாதமுனிகள் தம் யோக வலிமையை எதன்பொருட்டுச் செலவிட்டார் என்பதே அவர் சரிதத்தின் உயிர்நிலை.

ஒரு நாள் மன்னனாரை ஸேவிக்க வந்த யாத்திரிகர் சிலர், திருக்குடந்தை ஆராவமுதன்மீது நம்மாழ்வார் அருளிய பாசுரங்களை இசைத்தனர். ஆயிரம் பாசுரங்களுள் இவை ஒரு பகுதி என்பது அவற்றின் முடிவிலேயே தெரிந்தது. எஞ்சியவை எங்கே என்று வினவ, அவர்கள் அறிந்திலர். நாலாயிரமும் வழக்கொழிந்து கிடந்த காலம் அது.

நாதமுனிகள் ஆழ்வார் அவதரித்த திருக்குருகூருக்கு நடந்தார். அங்கே மதுரகவிகளின் மரபில் வந்த பராங்குசதாஸரைக் கண்டார். அவரிடமும் ஓலைச்சுவடி இல்லை. மதுரகவிகள் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பின் 11 பாசுரங்களை மட்டும் உபதேசித்து, ஆழ்வார் திருமுன்பே 12,000 உரு நியமத்துடன் ஜபிக்குமாறு பணித்தார். நாதமுனிகள் திருப்புளியடியில் அமர்ந்து, மனத்தை ஒருமுகப்படுத்தி, அவ்வாறே ஜபித்தார். யோகநிலையில் நம்மாழ்வார் காட்சி தந்து, நாலாயிரத்தையும் பொருளோடு அருளினார் என்பது குருபரம்பரை வரலாறு.

ஊர் திரும்பியவர், மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் அவற்றை இசையுடன் கற்பித்தார். அரையர் ஸேவையின் ஊற்று அதுவே.

அவரிடம் இரு நிதிகள் இருந்தன: ஒன்று யோகரஹஸ்யம், மற்றொன்று திவ்யப்பிரபந்தம். எது வேண்டும் என்று சீடர்களை வினவினார். ஸம்ஸாரத்தில் உலகோர் துன்புறுகையில் தனக்கென ஓர் ஆனந்தம் நாடுவது தகாது என்று கூறி, உய்யக்கொண்டார் பிரபந்தத்தை ஏற்றார். யோகரஹஸ்யம் குருகைக்காவலப்பனைச் சேர்ந்தது.

பின்னாளில் நாதமுனிகளின் திருப்பேரனார் ஆளவந்தார் அந்த யோகத்தைப் பெற விழைந்தார். குருகைக்காவலப்பன், தாம் உடலை நீக்கும் நாளை ஓலையில் குறித்தளித்து, அதற்குமுன் வருமாறு பணித்தார். திருவரங்கத்தில் அரையர் திருவனந்தபுரப் பாசுரத்தைப் பாடக் கேட்ட ஆளவந்தார், அதையே அரங்கன் ஆணையாகக் கொண்டு அத்தலத்துக்குப் புறப்பட்டார். அங்கே ஓலையைப் பிரித்தபோது, குறித்த நாள் அன்றாகவே இருந்தது. கடக்கவேண்டிய தொலைவோ பெரிது. ஒருவர் நெஞ்சிலேயே ஒளிந்திருந்த யோகரஹஸ்யம் அவரோடு மறைந்தது. நாதமுனிகள் இயற்றிய யோகரஹஸ்யம் என்னும் நூலும் இன்று கிடைத்திலது.

பலர் நாவில் வைத்த பாசுரமோ அழியவில்லை. மார்கழியில் பகற்பத்தும் இராப்பத்தும் நடக்குந்தோறும், திருவீதிகளில் கோஷ்டி எழுந்தருளுந்தோறும், அந்த 12,000 உருவின் பயன் அடியார் செவியில் விழுகின்றது. கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே நின்று பெறத்தக்க ஸித்தி அதுவே.

ஸ்ரீமந் நாதமுனிகள் திருவடிகளே சரணம்.