'ஸ்பீட் ரேசர்' தெரியும்... அதை வரைந்த தட்சுவோ யோஷிடாவைத் தெரியுமா?

அனிமே ஒன்றை ஹாலிவுட் நிஜ நடிகர்களை வைத்து எடுக்கப் போகிறது என்று அறிவிப்பு வந்தாலே ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2009-ல் வந்த 'டிராகன்பால் எவல்யூஷன்' அடித்த அடி அப்படி! தன் யோசனைகளைப் படக்குழு காதில் வாங்கவே இல்லை என்று அதன் படைப்பாளி அகிரா டோரியாமா பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். நெட்ஃபிளிக்ஸின் 'ஒன் பீஸ்' தப்பித்ததற்குப் பெரிய காரணம், எய்சிரோ ஓடா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்து ஓகே சொன்னதுதான்.

சரி, படைப்பாளியே உயிரோடு இல்லை என்றால்? தட்சுவோ யோஷிடாவின் கதை அதுதான். அவருடைய ரேஸ் கார் ஹாலிவுட் படமாகி 2008-ல் திரைக்கு வந்தபோது, அவர் இறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கியோட்டோ பையன்

1932 மார்ச் 6 அன்று ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர் யோஷிடா. ஓவியப் பள்ளிக்கெல்லாம் போகவில்லை, வரைந்து வரைந்தே கற்றுக்கொண்டவர். போருக்குப் பிந்தைய ஜப்பானில் குழந்தைகளுக்கான பத்திரிகைகள் காளான் மாதிரி முளைத்த நேரம் அது. டோக்கியோவுக்கு வந்து மங்கா வரைய ஆரம்பித்தார். கென்ஜி, டோயோஹாரு என்று இரண்டு தம்பிகள். டோயோஹாரு பின்னாளில் இப்பே குரி என்ற பெயரில் அவரும் புகழ்பெற்ற ஓவியர் ஆனார்.

அப்போது ஜப்பானிய மங்கா என்றாலே ஒசாமு டெசுகாவின் பாணிதான். உருண்டை முகம், பெரிய கண்கள், மென்மையான கோடுகள். யோஷிடாவின் கை வேறு பக்கம் போனது. அமெரிக்க காமிக்ஸ் போல விறைப்பான உடல், தசை, நிழல், எடை எல்லாம் அவர் படங்களில் இருக்கும். 1962-ல் எழுத்தாளர் இக்கி கஜிவாராவோடு சேர்ந்து அவர் வரைந்த மல்யுத்தக் கதை 'சாம்பியன் ஃபுடோஷி'. அது அப்போதே ஜப்பான் டி.வி-யில் நிஜ ஆட்கள் நடித்த தொடராக வந்துவிட்டது. அந்த நாட்டின் மல்யுத்த சூப்பர் ஸ்டார் ரிக்கிடோசானே அதில் தோன்றினார். அதாவது, வரைந்த கதையை ரத்தமும் சதையுமாக மாற்றும் வேலை யோஷிடாவுக்கு ஒன்றும் புதுசில்லை.

கடல்குதிரை கம்பெனி

அதே 1962-ல் மூன்று சகோதரர்களும் சேர்ந்து 'தட்சுனோகோ' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயரில் ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. 'தட்சுவின் பிள்ளை' என்றும் படிக்கலாம், கடல்குதிரைக்கான ஜப்பானியச் சொல்லும் அதில் ஒளிந்திருக்கிறது. நிறுவனத்தின் சின்னமும் கடல்குதிரைதான்.

முதல் அனிமே 'ஸ்பேஸ் ஏஸ்' 1965-ல் வந்தது. கறுப்பு வெள்ளை. ஆனால் யோஷிடாவைப் பற்றிப் பேச வைத்தது அடுத்த தொடர். 1967 ஏப்ரலில் ஃபியூஜி டி.வி-யில் ஆரம்பித்த 'மாக் கோ கோ கோ', மொத்தம் 52 எபிசோடுகள்.

'கோ' என்றால் ஜப்பானிய மொழியில் ஐந்து. காரின் பெயர் மாக் 5. ஹீரோவின் பெயர் கோ மிஃபுனே. ஆங்கிலத்தில் 'கோ' என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஒரே எழுத்தில் மூன்று அர்த்தம்! நம்ம ஊர் சினிமாவுக்கு டைட்டில் வைப்பவர்கள்கூட இப்படி யோசித்திருக்க மாட்டார்கள்.

ஹீரோவின் தோற்றத்துக்கு எல்விஸ் பிரஸ்லி நடித்த 'விவா லாஸ் வேகஸ்' படம் இன்ஸ்பிரேஷன். காருக்கு 'கோல்டுஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின். பாண்ட் கார் போலவே மாக் 5-லும் பட்டன்கள் உண்டு. ஏ-வை அழுத்தினால் ஜாக்கி தரையை உதைத்து கார் எகிறிக் குதிக்கும், சி-யை அழுத்தினால் முன்பக்கம் ரம்பம் சுழலும், எஃப்-ஐ அழுத்தினால் தண்ணீருக்கு அடியில் போகும். இப்படி ஜி வரை ஏழு.

ஆக, ஹாலிவுட் படங்களைப் பார்த்து அசந்துபோன ஒரு ஜப்பானியர், அதையெல்லாம் தன் பாணியில் பிசைந்து ஒரு கார்ட்டூன் செய்தார். 40 வருஷம் கழித்து அதைத்தான் ஹாலிவுட் திரும்ப எடுத்தது.

அமெரிக்கா போனதும் என்ன ஆனது?

தொடர் கலரில் எடுக்கப்பட்டது. அன்றைய ஜப்பானில் பெரும்பாலான டி.வி கார்ட்டூன்கள் கறுப்பு வெள்ளைதான். வெளிநாட்டில் விற்க வேண்டும் என்ற கணக்கு தட்சுனோகோவிடம் தெளிவாகவே இருந்தது. விற்றார்கள். அமெரிக்காவில் டிரான்ஸ்-லக்ஸ் நிறுவனம் வாங்கி, அதே 1967-ல் 'ஸ்பீட் ரேசர்' என்ற பெயரில் வெளியிட்டது.

ஆங்கில வசனம், டப்பிங் இயக்கம், ஹீரோவின் குரல், தீம் பாட்டின் ஆங்கில வரிகள் எல்லாமே பீட்டர் ஃபெர்னாண்டஸ் என்ற ஒரே மனிதர். ஜப்பானிய வாயசைவுக்கு ஆங்கிலத்தைப் பொருத்த வேண்டியிருந்ததால், எல்லோரும் மூச்சு விடாமல் படபடவெனப் பேசினார்கள். அமெரிக்காவில் இன்றும் அந்தப் பேச்சை வைத்துக் கிண்டல் செய்வார்கள்.

பெயர்கள் எல்லாம் மாறின. கோ மிஃபுனே 'ஸ்பீட் ரேசர்' ஆனார். காதலி மிச்சி 'டிரிக்ஸி', தம்பி குரியோ 'ஸ்ப்ரிட்டில்', முகமூடி போட்ட அண்ணன் 'ரேசர் எக்ஸ்'. வன்முறைக் காட்சிகள் சில வெட்டப்பட்டன. காரின் முகப்பில் இருக்கும் 'எம்' மிஃபுனே குடும்பத்தின் எழுத்து. அமெரிக்கக் குழந்தைகளுக்கு அது மாக் 5-ன் 'எம்' ஆகிவிட்டது. ஹீரோவின் சட்டையில் கோ என்ற பெயருக்காகப் போட்ட 'ஜி' எழுத்து ஏன் இருக்கிறது என்று யாருக்கும் புரியவே இல்லை. ஸ்பீட் என்ற பையன் எதற்கு 'ஜி' போட்ட சட்டை போட வேண்டும்?

இது ஏன் முக்கியம்? 2017-ல் 'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்தில் ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடித்தபோது, ஜப்பானியக் கதாபாத்திரத்துக்கு வெள்ளைக்கார நடிகையா என்று பெரிய சண்டையே நடந்தது. 2008-ல் ஸ்பீட் ரேசராக எமில் ஹிர்ஷ் நடித்தபோது அந்த அளவுக்கு யாரும் கொதிக்கவில்லை. கோ மிஃபுனேவை அமெரிக்கப் பையனாக மாற்றும் வேலை 1967-லேயே முடிந்துவிட்டதுதான் காரணம். பல அமெரிக்கர்களுக்கு அது ஜப்பான் தொடர் என்பதே வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இதில் யோஷிடாவுக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் முகங்களை அவர் தெரிந்தேதான் வரைந்தார். உலகமெல்லாம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார், போனது. ஆனால் ஊர்ப் பெயர் இல்லாமல் போனது.

45 வயது

அதன் பிறகு யோஷிடா ஓயவே இல்லை. அம்மாவைத் தேடி அலையும் குட்டித் தேனீயின் கதை 'ஹட்ச்' (1970), பறவை உடையில் ஐந்து பேர் உலகைக் காப்பாற்றும் 'காட்சமன்' (1972), நாய் ரோபோவோடு தனியாகப் போராடும் 'காஷான்' (1973), காமெடியான 'டைம் போகன்' (1975) என்று வரிசையாக வந்தன. 15 வயதில் வேலை கேட்டு வந்த யோஷிடாகா அமானோ என்ற பையனும் அங்கேதான் வளர்ந்தார். 'ஃபைனல் ஃபேன்டஸி' கேம்களின் ஓவியர் என்றால் கேமர்களுக்குச் சட்டென்று தெரியும்.

1977 செப்டம்பர் 5 அன்று கல்லீரல் புற்றுநோயால் யோஷிடா இறந்தார். வயது 45 மட்டுமே. அடுத்த ஆண்டே 'காட்சமன்' அமெரிக்காவில் 'பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்' என்று வேறு வடிவம் எடுத்தது. அதை அவர் பார்க்கவில்லை.

வச்சோவ்ஸ்கிகள் வந்தார்கள்

'ஸ்பீட் ரேசர்' படத்தை எடுக்க வார்னர் பிரதர்ஸ் 1990-களிலிருந்தே முயன்றது. ஒரு கட்டத்தில் ஜானி டெப் நடிப்பதாக இருந்தது. இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் 'மேட்ரிக்ஸ்' எடுத்த வச்சோவ்ஸ்கிகள் கையில் எடுத்தார்கள். அனிமே பார்த்து வளர்ந்தவர்கள். 'மாக் கோ கோ கோ' டைட்டில் காட்சியில் கோ அந்தரத்தில் உறைந்து நிற்க, பார்வை அவரைச் சுற்றி வரும். அதை 'மேட்ரிக்ஸ்' புல்லட் டைம் காட்சியோடு ரசிகர்கள் ஒப்பிடுவது உண்டு.

2007-ல் ஜெர்மனியின் பாபல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில், கிட்டத்தட்ட முழுக்க கிரீன் ஸ்கிரீன் முன்னால் ஷூட்டிங். சாதாரண சினிமாவில் ஹீரோ ஃபோகஸில் இருந்தால் பின்னணி மங்கும். கையால் வரைந்த கார்ட்டூனில் அப்படி இருக்க வேண்டியதில்லை. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே அளவு பளிச்சென்று தெரியும். அந்த உணர்வுக்காக நடிகர், பின்னணி, கார் எல்லாவற்றையும் தனித்தனி அடுக்காக எடுத்து, எல்லாமே ஃபோகஸில் இருக்கும்படி கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். அனிமேவை நிஜம்போல மாற்றுவதுதான் வழக்கம். இவர்கள் நிஜத்தை அனிமே ஆக்கினார்கள்.

2008 மே 9-ல் ரிலீஸ். முந்தின வாரம்தான் 'அயர்ன் மேன்' வந்திருந்தது. சுமார் 12 கோடி டாலர் பட்ஜெட், உலகம் முழுக்க வசூல் 9.4 கோடி டாலருக்கும் கீழே. கண்ணைக் கூசுகிறது என்று விமர்சகர்கள் திட்டினார்கள். ஆனால் வருடங்கள் போகப் போக அந்தப் படத்துக்கு ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அனிமே தழுவல்களில் உருப்படியானவற்றைப் பட்டியல் போட்டால் இன்று பலர் முதலில் சொல்வது இதைத்தான். டப்பிங் குரலான பீட்டர் ஃபெர்னாண்டஸுக்கு அதில் வர்ணனையாளராக ஒரு குட்டி வேடம் கிடைத்தது. 'ஷோகன்' சீரிஸில் மிரட்டிய ஹிரோயுகி சனாடாவும் இருக்கிறார், கவனித்துப் பாருங்கள்.

கதை, ஒரு குடும்ப ஒர்க்‌ஷாப் பெரிய கார்ப்பரேட்டிடம் விலைபோக மறுப்பது. தட்சுனோகோவும் அண்ணன் தம்பிகள் நடத்திய பட்டறைதான். யோஷிடாவுக்குப் பிறகு கென்ஜியும், அவருக்குப் பிறகு இப்பே குரியும் தலைமை ஏற்றார்கள். 2005-ல் பொம்மை நிறுவனமான டகாரா அதை வாங்கியது. படம் வருவதற்கு 3 வருடம் முன்பு.

யோஷிடாவின் மற்ற ஹீரோக்களை ஜப்பானே நிஜ நடிகர்களை வைத்து எடுத்துவிட்டது. 2004-ல் 'காஷெர்ன்', 2013-ல் 'காட்சமன்'. 'பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்' படத்தை எடுக்கப் போவதாக 'அவெஞ்சர்ஸ்' புகழ் ரூசோ சகோதரர்கள் 2019 காமிக்-கான் விழாவில் அறிவித்தார்கள். அந்த ஐந்து பறவை வீரர்களுக்கு ஹாலிவுட் எந்தப் பெயர்களை வைக்கும் என்பதற்காக 'காட்சமன்' ரசிகர்கள் காத்திருக்கிறார்கள்.