குன்றின் மேல் ஒரு பட்டம்

கம்பியில்லாத் தந்தி என்றதும் குலீல்மோ மார்க்கோனியின் கருவிகள் நினைவுக்கு வரும். அவற்றை நிறுவத் தக்க இடம் தேடி அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1874இல் இத்தாலியின் போலோனியாவில் பிறந்த அவர், 1895இல் பொன்டெக்கியோவிலிருந்த தம் குடும்ப மாளிகையில் ஆய்வு செய்தார். கம்பியின் ஒரு முனையை உயர்த்தி, மறுமுனையை மண்ணில் புதைத்தபோது, குறிகை இடையிலிருந்த மேட்டைக் கடந்து சென்றது. அப்பால் நின்ற அண்ணன் அல்போன்சோ துப்பாக்கியால் சுட்டு அதனைத் தெரிவித்தார். உயரமும் நிலத்தொடர்பும் இன்றியமையாதவை என்பது அன்றே விளங்கிற்று.

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்பது அடுத்த எண்ணம். அலைகள் நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது, ஆகவே இஃது இயலாது என்றனர் அறிஞர் பலர். மார்க்கோனி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில், போல்டு என்னும் செங்குத்தான கடற்கரை மேட்டைத் தேர்ந்தார். மேற்கே மறைப்பு ஏதுமில்லை. அங்கே 200 அடி உயரக் கம்பங்கள் இருபது வட்டமாக நாட்டப்பட்டன. ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட அவ்வமைப்பு காற்றுக்கு நில்லாது எனப் பொறியாளர் விவியன் எச்சரித்தார், அச்சொல் ஏற்கப்படவில்லை. 1901 செப்டம்பர்ப் புயலில் அனைத்தும் சாய்ந்தன. அமெரிக்கக் கரையில், கேப் காடில் நிறுவிய கம்பங்களும் நவம்பரில் வீழ்ந்தன.

மார்க்கோனி திட்டத்தைக் கைவிடவில்லை, தொலைவைக் குறைத்தார். போல்டுவில் இரு கம்பங்களுக்கிடையே விசிறி வடிவில் கம்பிகள் கட்டப்பட்டன. செய்தி பெறுமிடமாக, வட அமெரிக்காவில் ஐரோப்பாவுக்கு அண்மையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்று தேர்வாயிற்று. கம்பம் நடக் காலமில்லை. துத்தநாகத் தகடுகளை மண்ணில் புதைத்து, பலூனாலும் பட்டத்தாலும் கம்பியை உயர்த்தினர். பலூனைக் காற்று பறித்துச் சென்றது. பட்டம் ஏறி இறங்க, கம்பியின் மின்தன்மையும் மாறியது. அதனால் இசைவித்த ஏற்பி பயன்படவில்லை. எனவே, பாதரச உணர்கருவியோடு தொலைபேசிச் செவிக்குழலை இணைத்தார். அத்தகைய கருவியை நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் 1899லேயே விளக்கியிருந்தார் என்பது மறக்கத்தக்கதன்று.

டிசம்பர் 12, நண்பகல் 12.30 மணி. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மூன்று புள்ளி ஒலிகள் கேட்டன. உதவியாளர் கெம்பும் கேட்டார். ஆயினும் தாளில் பதிவு ஏதுமில்லை, காதே சான்று. ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் சென்று, செய்திகளைத் தாள்நாடாவிலேயே பதித்தார். இரவில் அவை 2,000 கிலோமீட்டருக்கு மேலும் எட்டின. பகலிலோ ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரே. சிக்னல் குன்றில் நண்பகலில் கேட்ட ஒலியைப் பற்றிய வினா இதனால் தீரவில்லை, வலுத்தது எனலாம். அலைகளை வளைத்துத் திருப்பும் மின்னூட்ட அடுக்கு வானில் இருக்கலாம் என்று அதே ஆண்டில் கென்னலியும் ஹெவிசைடும் கருத்துரைத்தனர்.

நியூஃபவுண்ட்லாந்தில் தந்தித் தனியுரிமை பெற்ற நிறுவனம் தடைவிதிக்க முற்பட்டதால், மார்க்கோனி கனடாவின் கிளேஸ் பேக்குச் சென்றார். அங்கே உறுதியான கோபுரங்கள் எழுந்தன. 1902 டிசம்பரில் அவற்றிலிருந்து போல்டுவுக்கு முழுச் செய்தி சென்றது. 1909இல் பிரௌனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மார்க்கோனி, 1937இல் உரோமில் மறைந்தார்.