கையில் இருப்பதைக் கொண்டு



பாலக்கோட்டில் இருக்கும் நமக்குப் பெரிய நோய் வந்தால், தருமபுரி, சேலம் என்று போய், சில வேளை வேலூர் வரைக்கும் போகிறோம். அந்த வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் அவர் வாழ்வு நமக்கும் பாடமே.

1870 டிசம்பர் 9-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. தந்தை மருத்துவர். 1890களில் திண்டிவனத்தில் ஓர் இரவு, மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்காக ஐடாவை அழைத்தார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். மிஷனரி வாழ்வே வேண்டாம் என்றிருந்த ஐடா, அந்த இரவுக்குப் பின் மருத்துவம் படிக்க அமெரிக்கா சென்றார். 1899-இல் பட்டம் பெற்றார்.

1900-இல் வேலூர் திரும்பியபோது அவரிடம் இருந்தவை ஒரு சிறிய அறையும் ஒரே ஒரு கட்டிலும்தான். பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் இல்லை. வீட்டில் வேலை செய்தவர்களில் ஒருவரான சலோமியை அருகில் வைத்து, செய்துகாட்டிக் கற்றுக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைக் கவனித்தார்கள். 1902-இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையில் புறப்பட்டார்கள். மர நிழலே மருத்துவமனை ஆனது. 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. செவிலியர் பட்டப்படிப்பு 1946-இல் வந்தது. ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இன்றும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியரே. அலறுகிறவரை விட்டுவிட்டு, சத்தமே இல்லாமல் துவண்டு கிடக்கும் குழந்தையிடம் அவர் ஓடுகிறார். மருந்துச்சீட்டைப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு, காலை மாத்திரைக்குச் சூரியனையும் இரவு மாத்திரைக்கு நிலாவையும் வரைந்து கொடுக்கிறார். நாமோ, முதலில் வந்தவர் நாம்தானே என்று அவரிடம் சண்டை பிடிக்கிறோம். உயிருக்குப் போராடுகிறவர் முந்த, நாம் பிந்துவது அநீதி அல்ல என்பதை மறந்துவிடுகிறோம்.

வசதி வரட்டும், பிறகு உதவலாம் என்று நாம் தள்ளிப்போட்ட நன்மைகள் எத்தனை? ஒரு கட்டிலோடு தொடங்கியவரை நினைத்து, இன்று நம் கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குவோம். அடுத்தமுறை மருத்துவமனையில் காத்திருக்கும்போது, செவிலியருக்காக ஒரு நொடி செபிப்போம்.